பஸ் ஸ்டாண்டு லாட்ஜில் ஒரு கண் வைத்தியம்

எனக்கு எட்டு வயதானபோது, என் கண் கெட்டுப்போய்விட்டது என்று அம்மா ஒரு சனிக்கிழமை காலையில் அறிவித்தாள்.

செய்தி எனக்கே புதிது. ஆனால் அம்மா அதை மாமாவிடம் சொன்ன விதத்தில் அப்படியொரு உறுதி இருந்தது. பிள்ளை கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்க்கிறாள், திண்டுக்கல்லுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் மதுரையிலிருந்து ஒரு பெரிய டாக்டர் வருகிறாராம், டோக்கன் எட்டு மணிக்கே தீர்ந்துவிடுமாம், கீரனூரில் விடியக் கிளம்பி பழனியில் பஸ் மாறிப் போனாலும் கிடைக்காதாம், அதனால் இன்றைக்கே போய் லாட்ஜில் தங்கிவிட வேண்டியதுதான், தனக்குக் கடலை பறிக்க ஆள் வருகிறது, சித்தி கூட்டிக்கொண்டு போகட்டும் என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். நான் கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். நிஜமாகவே எல்லாம் மங்கலாகத்தான் தெரிந்தது.

அப்பாவுக்குத் திருப்பூரில் வேலை. மாதம் ஒருமுறைதான் வருவார். அதனால் அடுத்த வீட்டில் இருந்த மாமாவைக் கேட்காமல் எங்கள் வீட்டில் எதுவும் நடக்காது. அவர் அம்மாவுக்கு அண்ணன். அம்மாவின் தங்கையான சித்தி, புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்து ஆறு மாதமாக அவர் வீட்டில்தான் இருந்தாள். அடுத்த வாரம் புருஷன் வீட்டார் வந்து அவளை அழைத்துப் போவதாக ஏற்பாடு. மாமா வாக்குக் கொடுத்திருந்தார். இந்த நேரத்தில் அவள் எங்கும் போவதில் அவருக்கு விருப்பம் இல்லை. ஆனாலும் பிள்ளையின் கண் விஷயம் என்பதால் சரியென்றார்.

கண்ணில் மருந்து ஊற்றினால் அரை நாளைக்கு உலகமே தெரியாது என்று வகுப்பில் ஒருத்தி சொல்லியிருந்தாள். அதை நினைத்து ஒட்டன்சத்திரம் வரை அழுதேன். அதற்கப்புறம் பஸ்ஸில் முறுக்கு வந்தது.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே வரிசையாக லாட்ஜுகள் இருந்தன. முதலில் ஏறிய லாட்ஜில், ஆம்பிளை துணை இல்லாமல் பெண்களுக்கு ரூம் தருவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். இரண்டாவதில் கேட்பதற்கு முன்பே தலையை ஆட்டினார்கள். சித்தி பையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, என் கையை வலிக்கும்படி பிடித்தபடி மூன்றாவது லாட்ஜின் படியில் ஏறினாள். அங்கே மேஜைக்குப் பின்னால் தொப்பி போட்ட மேனேஜர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். சித்தியின் அடையாள அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு அவளை விட்டுவிட்டு என்னைக் கேட்டார்.

"என்ன பாப்பா, எதுக்கு வந்திருக்கீக?"

"கண்ணுல மருந்து ஊத்தறதுக்குங்க" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. என் அழுகையில் பொய் எதுவும் இல்லை. அவர் உடனே பேரேட்டை எங்கள் பக்கம் திருப்பிவைத்து, பேனாவைச் சித்தியிடம் கொடுத்தார்.

மூன்றாவது மாடியில் ரூம். ஒரு கட்டில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, தாழ்ப்பாள் சரியாக விழாத ஒரு குளியலறை. ஜன்னலைத் திறந்தால் பஸ் ஸ்டாண்டு முழுவதும் தெரிந்தது. மதுரை, தேனி, திருச்சி என்று கண்டக்டர்கள் கூவுவது காதுக்குள் வந்து விழுந்தது. மூட்டைகளும் சூட்கேஸ்களுமாக ஜனங்கள் பஸ்ஸுக்குப் பஸ் ஓடினார்கள். அத்தனையையும் அவ்வளவு உயரத்திலிருந்து ஓசியில் பார்க்கலாம் என்பது எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. கண் கெட்டதற்கு இவ்வளவு மரியாதை கிடைக்குமென்றால் அது கெட்டதில் தப்பில்லை என்றுகூடத் தோன்றியது.

சித்தி குளித்துவிட்டு வந்து புடவையைச் சரிசெய்தபோது அவள் முதுகைப் பார்த்தேன். தோல் சுருங்கிப் பளபளவென்று, முக்கோண முக்கோணமாகத் தழும்புகள். என்ன சித்தி என்றேன். இஸ்திரிப் பெட்டி பட்டுவிட்டது என்றாள். அப்புறம் பையிலிருந்து தடித் தடியாக இரண்டு நோட்டுகளை எடுத்துவைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தாள். டாக்டரிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் எழுதிவைத்திருப்பதாகச் சொன்னாள். என் ஒரு ஜோடிக் கண்ணைப் பற்றி இரண்டு நோட்டு நிறைய எழுதியிருக்கிறாளே என்று எனக்குப் பெருமையாக இருந்தது. நான் தூங்கிப்போனேன். காலையில் எழுந்தபோதும் அவள் அதே இடத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள்.

ஏழரை மணிக்கு என்னைக் கீழே கூட்டிவந்தாள். மேனேஜரிடம் தணிந்த குரலில் என்னவோ சொல்லி ஒரு காகிதத்தைக் காட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் படித்தார். எந்த பஸ்ஸில் ஏறி எங்கே இறங்க வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார். "பிள்ளைய நான் பாத்துக்கிறேன். நீ பதட்டப்படாமப் போயிட்டு வாம்மா" என்றார். டோக்கன் வரிசை நீளமாக இருக்கும், வெயிலில் நிற்க வேண்டாம், இங்கேயே இரு என்று என்னிடம் சொல்லிவிட்டுச் சித்தி போனாள். வரிசை எவ்வளவு நீளமோ அவ்வளவுக்கு எனக்கு நல்லது. நான் பெஞ்சில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

பத்தரை மணி இருக்கும். படியில் மாமா ஏறி வந்தார்.

சித்தியின் ஹால் டிக்கெட்டை எடுத்துக் கொடுத்தவர் எங்கள் ஊர் கம்ப்யூட்டர் சென்டர்க்காரர். அவர் அன்று காலை டீக்கடையில், தங்கச்சி பரீட்சைக்குக் கிளம்பிவிட்டதா என்று மாமாவிடம் நல்லெண்ணத்தில் விசாரித்திருக்கிறார். மாமா நேரே எங்கள் வீட்டுக்கு வந்து சத்தம் போட்டு, அம்மாவிடம் லாட்ஜின் பெயரை வாங்கிக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறார். இதெல்லாம் எனக்குப் பல வருடம் கழித்துத் தெரிந்தவை. அன்றைக்கு, என் கண்ணைப் பற்றிய கவலையில்தான் மாமா இவ்வளவு தூரம் ஓடி வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

சித்தி எங்கே என்றார். டோக்கன் வாங்கப் போயிருப்பதாகச் சொன்னேன். டாக்டர் எத்தனை மணி வரைக்கும் பார்ப்பார் என்று மேனேஜரைக் கேட்டார். அவர் பேரேட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "பன்னெண்டரைக்கு மணி அடிச்சுருவாகங்க" என்றார். ஆஸ்பத்திரியிலும் மணி அடிப்பார்கள் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

மாமா என் பக்கத்தில் உட்கார்ந்தார். முகம் இறுகியிருந்தது. அவரைச் சமாதானப்படுத்த ஏதாவது பேச வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

"சித்தியும் டாக்டரப் பாக்கோணுங் மாமா" என்றேன். "முதுகுல இஸ்திரிப் பெட்டி பட்டுருக்குது. இங்கொண்ணு, இங்கொண்ணு, இங்கொண்ணு." அவர் முதுகிலேயே விரலால் தொட்டுக் காட்டினேன்.

மாமா திரும்பி என்னைப் பார்த்தார்.

"மூணா கண்ணு?"

"ஆமாங் மாமா. நான் எண்ணிப் பாத்தனுங்க."

அவர் எழுந்து வாசல்படிக்குப் போய், பஸ்களைப் பார்த்தபடி நின்றார். மேனேஜர் டீ வரவழைத்தார். மாமாவின் டீ ஆடை படிந்து அப்படியே இருந்தது. மெதுவாகப் போய் அவர் கையைப் பிடித்தேன். அவர் என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். எட்டு வயதில் யாரும் அப்படித் தூக்குவதில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

சித்தி ஒரு மணிக்கு வந்தாள். மாமாவைக் கண்டதும் படியிலேயே நின்றுவிட்டாள். கையில் பேனா இருந்தது. அதை எங்கே மறைப்பது என்று தெரியாமல் முந்தானைக்குள் கொண்டுபோனாள். மேனேஜர் எழுந்து நின்றார். நல்லவேளை, சண்டை எதுவும் வரவில்லை.

"டாக்டர் என்ன சொன்னாரு?" என்றார் மாமா.

சித்தி என்னைப் பார்த்தாள். மாமாவே மறுபடி பேசினார். "புள்ள கண்ணுல ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாராக்கும்?"

"ஆமாங்ணா."

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. மருந்து இல்லை, ஊசி இல்லை. என்னைப் பார்க்காமலே என் கண்ணைப் பற்றிக் கண்டுபிடித்துவிட்ட அந்தப் பெரிய டாக்டரை மனதாரப் பாராட்டினேன். மேனேஜர் உட்கார்ந்து, கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மாமா எங்களைப் பிரியாணிக் கடைக்குக் கூட்டிப்போனார். தன் இலையிலிருந்த கறியையெல்லாம் எடுத்துச் சித்தியின் இலையில் வைத்தார். அவர் அப்படிச் செய்து நான் அதுவரை பார்த்ததில்லை. சித்தி குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டாள்.

அரசு வேலைக்கான அந்தப் பரீட்சையில் சித்தி தேறவில்லை. அடுத்ததில்தான் தேறினாள், இன்றைக்குத் தாலுகா ஆபீசில் இருக்கிறாள். அந்தத் தடவை அவளோடு திண்டுக்கல்லுக்குப் போய் லாட்ஜ் வாசலில் காத்திருந்தவர் மாமாதான்.

அன்று திரும்பும்போது பழனி பஸ்ஸில் மூன்று பேர் ஸீட் கிடைத்தது. நான் நடுவில். ஒட்டன்சத்திரம் தாண்டியதும், மாமா எதிர் ஸீட்டின் கம்பியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"முடிவு எப்ப வருமாம்?"

"மூணு நாலு மாசம் ஆகுங்ணா."

"ஆகட்டும். அவுங்கள அடுத்த வாரம் வர வேண்டாம்னு நாளைக்கே சொல்லிப்போடறேன். அடுத்த வாரம்னு இல்ல, எப்பவுமே வர வேண்டாம்."

சித்தி முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்கி என் மேல் இடித்தது. என் கண் நன்றாக இருக்கிறது என்று டாக்டரே சொன்ன பிறகும் இவள் எதற்கு அழுகிறாள், எங்கிருந்தோ வரவேண்டிய யாரையோ மாமா எதற்கு வர வேண்டாம் என்கிறார், இதில் அவர்களுக்கு என்ன சம்பந்தம் என்று ஒன்றும் விளங்கவில்லை. கேட்கலாமா என்று நினைத்தேன். அதற்குள் சித்தி அழுதுகொண்டே என் தலையை இழுத்துத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். பழனி வரும்வரை நன்றாகத் தூங்கினேன்.