கோட்டைக்குள் ஒரு கோயில்

கலண்டர் தாளின் பின்பக்கத்தில் பேனை வழுக்கும். முன்பக்கத்தில் தமிழ்க் கடைக்காரர் அச்சடித்த பிள்ளையாரும் ராகுகாலமும் இருக்க, பின்பக்கம் மெழுகு பூசியதுபோல் வெள்ளையாய்ப் பளபளத்துக் கிடக்கும்; அப்பா பேனையை அழுத்துவார், அது சறுக்கும், கீச்சென்று ஒரு சத்தம் வரும், எனக்குப் பல் கூசும். அப்போது எனக்குப் பத்து வயது. ரொறன்ரோவின் அஜின்கோர்ட்டில், ஒன்பதாம் மாடியில், குசினியில் அடுப்புக்குப் பக்கத்து மேசையில் அந்தச் சத்தத்தோடுதான் நானும் அப்பாவும் ஸ்கொட்லாந்தில் இருக்கும் ஒரு கோட்டைக்குப் போகத் திட்டம் போட்டோம்.

எடின்பரோ கோட்டை. பள்ளிக்கூட நூலகத்தில் எடுத்துவந்த புத்தகம் ஒன்றில் அதன் படம் இருந்தது. கரும்பாறை ஒன்று அப்படியே எழுந்து நின்று மதிலாகிவிட்டதுபோல. எனக்கு ஒன்றைப் பிடித்தால் பிடித்ததுதான், இன்றைக்கும் அப்படித்தான். வாசல் எது, கிணறு எது, பகல் ஒரு மணிக்கு ஊருக்கு நேரம் சொல்ல வெடிக்கும் பீரங்கி எது என்று எல்லாவற்றையும் பாடமாக்கி, வேலையால் வந்து சப்பாத்துக் கழற்றுகிற அப்பாவிடம் மூச்சுவிடாமல் ஒப்புவிப்பேன். அவர் பாண் தொழிற்சாலையில் வேலை செய்தார். முழங்கையில் மா ஒட்டியபடியே குந்தியிருந்து கேட்டுவிட்டு, "அப்ப முற்றுகை நேரம் தண்ணிக்கு என்ன செய்தவங்களாம்?" என்பார். நான் மறுபடியும் கிணற்றிலிருந்து தொடங்குவேன்.

அந்தக் கோடை விடுமுறைக்கு லண்டனுக்குப் போவதென்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. எங்கள் வீடுகளில் லண்டனுக்குப் போவதென்றால் என்ன பொருள் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஊர் பார்ப்பதல்ல, வீடு பார்ப்பது. பெரியப்பா வீட்டில் பெட்டியை வைத்துவிட்டு, ஒரு மாமி வீட்டில் மத்தியானச் சாப்பாடு, ஒரு சித்தி வீட்டில் இரவுச் சாப்பாடு என்று சுற்றவேண்டும். ஒரு வீட்டைத் தவறவிட்டால் "எங்களிட்டை மட்டும் வரேல்லை" என்ற கதை எங்கள் விமானத்துக்கு முந்தி ரொறன்ரோவில் வந்து இறங்கிவிடும். அப்பா கலண்டர் தாளில் பதினான்கு கட்டங்கள் கீறினார். பதினொரு கட்டங்களிலும் வீடுகள். பன்னிரண்டில் ரயில், பதின்மூன்றில் கோட்டை, பதினான்கில் திரும்புதல்.

"ஏன் கோட்டையைக் கடைசியிலை வைச்சனீங்கள்?" என்றேன்.

"வீடுகளை முடிச்சுப்போட்டுப் போனால்தான் பிள்ளை நிம்மதியாய்ப் பாக்கலாம்."

பதின்மூன்றாம் கட்டத்தை மஞ்சள் மார்க்கரால் நிரப்ப எனக்கு அனுமதி கிடைத்தது. அப்பா அம்மாவின் பக்கம் திரும்பி, களவுக்குத் திட்டம் போடுபவர்போலக் குரலைத் தாழ்த்தினார். "அங்கை எங்கடை சொந்தக்காரர் ஒருத்தரும் இல்லை, தெரியுமோ? ஆரின்ரை வீட்டிலையும் சாப்பிடத் தேவையில்லை."

"அப்ப சாப்பாட்டுக்கு என்ன செய்யிறது?"

"பட்டினி கிடப்பம். நிம்மதியாய்ப் பட்டினி கிடப்பம்."

அம்மா சிரித்தார். பகிடிதான், ஆனால் முழுக்கப் பகிடியும் இல்லை. அப்பா தன் வாழ்க்கையில் உறவினர் வீடு இல்லாத ஊர் ஒன்றுக்குச் சும்மா போய்ப் பார்த்ததே இல்லை. நயாகராவைப் பத்துத் தடவைக்கு மேல் பார்த்திருப்பார். அத்தனையும் வெளிநாட்டிலிருந்து வந்த விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு, அவர்களின் பைகளைக் காவிக்கொண்டு.

லண்டனில் ஒவ்வொரு வீட்டிலும் நான் கோட்டையைப் பற்றிப் பேசினேன். பீரங்கியை ஒருவரும் கணக்கெடுக்கவில்லை. கிணற்றையும் அப்படித்தான். ஆனால் "கோட்டைக்குள்ளை சின்னக் கோயில் ஒண்டு இருக்கு, அங்கை இருக்கிறதிலேயே பழைய கட்டடம் அதுதான்" என்றால் போதும், சோற்றுக் கோப்பைகளிலிருந்து தலைகள் நிமிரும். "அட, கோயிலும் இருக்கோ! கெட்டிக்காரி!" என்பார்கள். அந்த நிமிர்தலுக்காகவே வீடுவீடாக அதைச் சொன்னேன். மூன்றாம் வீட்டுக்குப் பிறகு கோயிலிலிருந்துதான் கதையைத் தொடங்கினேன்.

பதினோராம் நாள் காலை பெரியப்பா வீட்டுத் தொலைபேசி அடித்தது. அப்பாவின் சித்தப்பா ஒருவர் இறந்துவிட்டார். போன கிழமைதான் அவர் வீட்டில் சாப்பிட்டிருந்தோம். என் கையில் ஒரு பிஸ்கட்டை வைத்து விரல்களை மூடிவிட்டவர் என்பது மட்டுமே எனக்கு அவரைப்பற்றி ஞாபகம். பெரியப்பா தொலைபேசியை வைத்துவிட்டு, "துடக்கு" என்றார். தகப்பன் வழிச் சாவு என்பதால் முப்பத்தொரு நாள் தீட்டு. கோயில் வாசல் மிதிக்கக்கூடாது.

எனக்கு உயிர் வந்தது. "கோட்டை கோயில் இல்லையே, பெரியப்பா!"

அப்பாவும் சட்டென்று நிமிர்ந்தார். அவருக்குள்ளும் அதே எண்ணம் ஓடியிருக்க வேண்டும். பெரியப்பா என்னைப் பார்த்தார், கோபமாகக்கூட இல்லை. "உள்ளுக்குக் கோயில் இருக்கெண்டு நீதானே பிள்ளை வீடுவீடாச் சொல்லிக்கொண்டு திரிஞ்சனீ?"

"அது வேதக்கோயில், பெரியப்பா. கிறிஸ்தவங்கடை."

"கோயில் எண்டால் கோயில்தான்."

"நாங்கள் அதுக்குள்ளை போகமாட்டம். வெளியிலை நிண்டு..."

"மதிலுக்குள்ளை காலை வைச்சால் கோயில் வீதிக்குள்ளை காலை வைச்ச மாதிரித்தான்."

அண்ணையை எதிர்த்துப் பேசி அப்பாவுக்குப் பழக்கமில்லை. கலண்டர் தாளை எடுத்து நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அந்த மடிப்புக்கும் கீச்சென்று ஒரு சத்தம் இருந்தது.

பதின்மூன்றாம் நாள் நாங்கள் இறந்தவருடைய வீட்டில் இருந்தோம். ஆட்கள் வருவதும், தேத்தண்ணி குடிப்பதும், தாழ்ந்த குரலில் பேசுவதுமாக இருக்க, சுவரில் இருந்த மணிக்கூட்டில் ஒரு மணியானது. கூடத்தின் மறுகரையில், பிளாஸ்டிக் கதிரைகளில் இருந்த ஆண்களுக்கு நடுவே அப்பாவும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒருவருக்கும் தெரியாமல் கன்னங்களைக் காற்றால் நிரப்பி, உதடுகளை மட்டும் அசைத்து, சத்தமே இல்லாமல் "டும்" என்றார்.

அதன்பிறகு எந்தப் பயணத்தைப் பற்றிப் பேசினாலும் அப்பாவுக்கு ஒரு பகிடி கிடைத்துவிடும். "இவள் வாயை மூடிக்கொண்டிருந்திருந்தால் நாங்கள் எப்பவோ கோட்டையைப் பாத்திருப்பம்." எல்லோரும் சிரிப்பார்கள், நானும்தான். ஆனால் அந்தக் கதவை என் வாயால் நானே சாத்தினேன் என்ற நினைப்பு எனக்குள் எங்கேயோ கல்லாய்க் கிடந்தது. "அடுத்த வருஷம்" என்று ஒவ்வொரு வருஷமும் சொன்னோம். ஒரு வருஷம் கலியாணவீடு, ஒரு வருஷம் அம்மாவுக்குச் சத்திரசிகிச்சை, ஒரு வருஷம் ரூஜ் பக்கம் வீடு மாறியது. பிறகு நான் படித்து முடித்து மார்க்கம் நகரில் வேலைக்குப் போனேன், எனக்கு விடுமுறை கிடைத்தபோது அப்பாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியிருந்தது.

இந்த வைகாசியில் அப்பா இறந்துபோனார். இதயம்.

அவருடைய கடவுச்சீட்டைத் தேடியபோது அதற்குள் அந்தத் தாள் இருந்தது, அதே நான்கு மடிப்புகளோடு. மஞ்சள் வெளிறிப் பழுப்பாகியிருந்தது. அன்று அவர் இறந்து இருபத்திரண்டாம் நாள். என் குணம் தெரியும்தானே, உடனே மடிக்கணினியைத் திறந்து விமானம், ரயில், கோட்டைக்கு நுழைவுச்சீட்டு எல்லாவற்றையும் அடுத்த கிழமைக்கே பார்த்துவைத்துவிட்டேன். பிறகு லண்டனுக்கு, பெரியப்பாவுக்குத் தொலைபேசி எடுத்து விஷயத்தைச் சொன்னேன். ஏன் எடுத்தேன் என்பது அவர் பேசத் தொடங்கிய பிறகுதான் எனக்கே விளங்கியது.

"போட்டு வா பிள்ளை," என்றார். "இப்ப ஆர் உதெல்லாம் பாக்கினம்? கொப்பனும் போகத்தான் சொல்லியிருப்பான்."

"உள்ளுக்கு ஒரு கோயில் இருக்குப் பெரியப்பா."

அன்றைக்குச் சொன்னது அவருக்கு ஞாபகம் வருகிறதோ என்று காத்திருந்தேன்.

"அது வேதக்கோயில்தானே," என்றார். "அதுக்கென்ன?"

அவரில் எனக்குக் கோபமில்லை. அந்த ஒன்பதாம் மாடியில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள். கலண்டர் அச்சடித்த கடை பூட்டப்பட்டுவிட்டது. பதினொரு வீடுகளில் பாதியில் ஆட்களே இல்லை, மீதிக்கு ஒருவரும் ஒரு நாளை ஒதுக்கிப் போவதில்லை. துடக்கும் அப்படியே போயிருக்கிறது, நல்லதுதான் என்று வேறு எந்த நாளிலும் நானே வாதாடியிருப்பேன். ஆனால் என் கையில் ஒரு பிஸ்கட் வைத்த கிழவருக்காக ஒரு கோட்டையையே மூடியவர்கள், என் அப்பாவுக்காக எதையுமே மூடவில்லை. யாராவது ஒருவர் "போகக் கூடாது" என்று சொல்லமாட்டார்களா என்று இருந்தது.

திரையில் திகதியைத் தெரிவுசெய்யச் சொல்லிக் கட்டங்கள் மினுங்கின. முப்பத்தொன்றுக்கு இன்னும் ஒன்பது கட்டங்கள் இருந்தன. அவை எல்லாவற்றிலும் இடம் இருந்தது. ஒன்றையும் தொடாமல் மூடிவைத்தேன்.

இங்கே காலை எட்டு மணியென்றால் அங்கே பகல் ஒரு மணி, பீரங்கி நேரம். இந்த ஒன்பது நாளும் அந்த நேரத்துக்கு நான் குசினி மேசையில் இருப்பேன்.