தேன்சிட்டு காவல் காத்த கார்

கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்று சொன்ன மனிதர் வீட்டிலும் ஒரு கார் நின்றிருக்க வேண்டும். அதையும் ஒரு தேன்சிட்டு கொத்தியிருக்க வேண்டும். ஏஞ்சலின் வீட்டு முற்றத்துக் காரைக் கொத்திய சிட்டு கட்டைவிரல் பருமன்தான். விடிந்ததும் முருங்கை மரத்திலிருந்து இறங்கும். பக்கக் கண்ணாடியில் தன் உருவத்தையே பார்த்து, எதிரி வந்துவிட்டான் என்று பாயும். டக் டக் என்று கொத்தும், இறக்கையால் அடிக்கும். களைத்தால் அங்கேயே உட்கார்ந்து கதவு நெடுக எச்சமிட்டுவிட்டு மறுபடி பாயும். இந்தச் சத்தத்தில் ஏஞ்சலினுக்குக் காலைக் காப்பி தொண்டைக்குள் இறங்குவதில்லை.

காரை வாங்கியது அவள் புருஷன் அமலன். சரக்குக் கப்பலில் வேலை, வருஷத்தில் பாதிக்கு மேல் கடலில்தான். வாங்கிய கையோடு சர்ச் சாமியாரைக் கூப்பிட்டு மந்திரித்து, மணப்பாடு வரை ஒருதரம் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கப்பலேறினான். போகும்போது சாவியை அண்ணன் கிளைட்டனிடம் கொடுத்தான். துடைக்கிற துணியைப் பெண்டாட்டியிடம் கொடுத்தான். அவள் முறையாகப் பழகி லைசென்ஸ் வாங்கியவள் என்பது அவனுக்குத் தெரியாததல்ல.

"ஏளா, நீ பழகுனது வேற வண்டி. நம்ம வண்டி கிளட்ச் தாங்காது" என்று முடித்துவிட்டான்.

ஆகவே ஏஞ்சலின் துறைமுகத்துப் பக்கம் இருக்கும் ஆபீசுக்கு லாரிகளுக்கு நடுவே, புழுதியைத் தின்றுகொண்டு ஸ்கூட்டரில் போனாள். ஞாயிறுதோறும் பூசை முடிந்து கிளைட்டன் வருவார். காரை ஸ்டார்ட் செய்வார், ஏசியைப் போட்டுக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்து பாட்டுக் கேட்பார், காப்பி குடிப்பார், சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார். பேட்டரிக்கு நல்லதாம்.

சாயங்காலம் அமலன் வீடியோவில் கூப்பிட்டால் முதல் பேச்சே "வண்டியக் காட்டு" என்பதுதான். இவளும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, திருவிழாச் சப்பரத்தைச் சுற்றுவது மாதிரி காரைச் சுற்றி வருவாள். சிட்டு வந்த பிறகு இது தினசரி விசாரணை ஆகிவிட்டது.

"அங்கன என்ன வெள்ளையா? துடைக்கலையா?"

"காலைல துடைச்சேன், மத்தியானம் துடைச்சேன். அது நிப்பாட்டுனாத்தான நான் நிப்பாட்ட முடியும்?"

அவள் செய்யாத வைத்தியமில்லை. கண்ணாடிகளுக்குப் பழைய சாக்ஸை மாட்டினாள். சிட்டு கதவுக் கண்ணாடிக்குப் போனது. காரை முழுக்க உறை போட்டு மூடினாள். அது படுக்கையறை ஜன்னலுக்கு வந்தது. உப்புக் காற்றில் உறைக்குள் ஈரம் தங்கிப் பெயிண்ட் போய்விடும் என்று கடலில் இருந்தே கத்தி, சாக்ஸ், உறை இரண்டையும் எடுக்க வைத்தான் அமலன். திருவிழாக் கடையில் ரப்பர் பாம்பு வாங்கிவந்து பானட்டில் சுற்றி வைத்தாள். மறுநாள் அரைத்தூக்கத்தில் துடைக்கப் போய் அலறியது அவள்தான். சிட்டு பாம்பின் தலையில் நின்று வசதியாகக் கொத்தியது.

பக்கத்து வீட்டு இசக்கித்தாய், "கண்ணு பட்டிருக்கு தாயி. எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டு" என்றாள். மந்திரித்த வண்டிக்கு எலுமிச்சம்பழமா என்று ஏஞ்சலின் தயங்கினாள். டக் டக் என்று கேட்டதும் கட்டிவிட்டாள். சிட்டு அந்த மிளகாய்க் கயிற்றில் ஊஞ்சலாடியது. எரிச்சலில் அவளுக்கு அழுகையே வந்தது.

இதற்கிடையில் பெட்டைச் சிட்டு கேபிள் வயரில் தனியாளாகக் கூடு கட்டிக்கொண்டிருந்தது. நாரும் பஞ்சும் அது சுமக்க, ஆண் கண்ணாடியோடு மல்லுக்கட்டியது.

அந்த மாதம் ஏஞ்சலினுக்குக் கடும் காய்ச்சல். ஆட்டோ பிடித்துத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். கார் நின்ற இடத்திலேயே நின்றது. அன்றைக்கும் அமலன் டயரில் காற்று இருக்கிறதா என்றுதான் கேட்டான். அது அவள் மனசில் முள்ளாகக் கிடந்தது. அடுத்த சனிக்கிழமை அவன் இன்னொரு யோசனை சொன்னான்.

"ஒரு வாரம் லீவு போட்டுட்டு வண்டிக்குக் காவல் இரு."

"காய்ச்சல்ல கெடந்தப்ப எனக்கு லீவு போடச் சொன்னீங்களா? இங்கன பாருங்க. பொட்டக் குருவி ஒத்தையில கூடு கட்டுது. ஆம்பளைக்குக் கண்ணாடிதான் பெருசாப் போச்சு!"

"நான் குருவியப் பத்தியா கேட்டேன்?"

"நானும் குருவியப் பத்திச் சொல்லல" என்று போனை வைத்தாள்.

மறுநாள் ஞாயிறு. கிளைட்டன் வழக்கம்போல் வந்து, காரை ஸ்டார்ட் செய்து, பாட்டைப் போட்டார்.

"அத்தான், ஒரு சுத்து நான் ஓட்டிட்டு வாரேன்."

"தம்பி சொல்லாம எப்படிம்மா?"

அந்த நேரம் பார்த்துச் சிட்டு வந்து இடப்பக்கக் கண்ணாடியில் மோதியது. கிளைட்டன் விடுவாரா? இறங்கிப் போய்க் கைக்குட்டையை வீசி விரட்டினார். அது வலப்பக்கம் பறந்தது, இவர் வலப்பக்கம் ஓடினார். பின்னால் போனது, இவரும் பின்னால் போனார். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. ஏஞ்சலின் உள்ளே ஏறிக் கதவைச் சாத்தி பெல்ட்டைப் போட்டாள்.

"வெயில்ல நிக்காதீங்க அத்தான். உள்ள காப்பி போட்டு வச்சிருக்கேன்."

கேட் திறந்தே கிடந்தது. சிட்டு மறுபடி கண்ணாடியில் வந்து தொற்றிக்கொண்டு கேட் வரைக்கும் கொத்திக்கொண்டே வந்தது. தெரு திரும்பியதும் பிடியை விட்டுப் பறந்துவிட்டது. ஒரு முக்கில் வண்டி ஆஃப் ஆகி, பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்தே கொன்றான். போடா என்று மறுபடி ஸ்டார்ட் செய்தாள். ஊரைத் தாண்டி உப்பளங்களுக்கு நடுவே போகும்போது பயம் போய் அவளுக்குச் சிரிப்பு வந்தது. கிளட்ச் ஒன்றும் ஆகவில்லை.

புன்னைக்காயலில் ஆற்று முகத்துவாரத்துப் பக்கம் ஓரமாக நிறுத்தியபோது போன் அடித்தது. கிளைட்டன் சொல்லிவிட்டார் போல. திரையில் அமலன் முகம் சிவந்திருந்தது.

"வண்டிக்கு ஒண்ணும் ஆகலையே? மொதல்ல வண்டியக் காட்டு!"

ஏஞ்சலின் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே போனை நேராகப் பிடித்தாள். இறங்கிச் சுற்றி வரவில்லை.

"வண்டி எங்க? நீதான தெரியுத."

"ஆமா, நான்தான். இன்னைக்கு என்னையப் பாத்துக்கிடுங்க" என்றாள்.