வெறுஞ்சட்டி கொடுக்கக் கூடாது

வடமராட்சி கிழக்கில் எனக்கு நியமனம் வந்தபோது வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். அரசாங்க உத்தியோகம், மாதச் சம்பளம், பென்ஷன். நான் மட்டும் கிணற்றடியில் நின்று அழுதேன். சண்டிலிப்பாயில், எந்த வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாலும் ஒரு பெரியம்மாவோ சித்தியோ வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டு நிற்கிற இடத்தில் வளர்ந்தவள் நான். மருத்துவமாதுப் பயிற்சி முடிந்த கையோடு கொண்டுபோய் மணல் வெளியில் விட்டால் அழாமல் என்ன செய்வது?

நெல்லியடியில் பஸ் ஏறினால் கிழக்கே போகப் போக வீடுகள் குறையும், பிறகு பனைகளும் குறையும். கடைசியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வெறும் வெட்டை. அந்த வெட்டையில் கிளினிக் கட்டடம் தனியாக நின்றது. முன்னறையில் கிளினிக், பின்னறையில் நான், அதற்கும் பின்னால் புகை போக வழியில்லாத ஒரு குசினி. பஸ் நாளுக்கு ஒரு தடவை வரும் என்றார்கள். வந்தால் வரும். சோளகக் காற்றுத் தொடங்கிவிட்டால் கதவைச் சாத்தினாலும் மணல் சோற்றுக்குள் வந்துவிடும். நான் காற்றைத் திட்டுவேன். திட்டுவதற்கு வேறு ஆளும் இருக்கவில்லை.

புதன்கிழமை கிளினிக். அன்றைக்கு வயிற்றுப் பிள்ளைக்காரிகளும் கைக்குழந்தைகளுமாக முன்னறை நிறையும். நர்ஸ்மாரைக் கூப்பிடுகிற மாதிரி எல்லாரும் என்னை "மிஸி" என்றார்கள். நான் வெளியே வந்தால் வாங்குப் பலகையில் இருந்தவர்கள் எழும்பி நின்றார்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார்கள், அலுவல் முடிந்ததும் போய்விட்டார்கள். மற்ற நாட்களில் நான் வீடு வீடாகப் போவேன். கதிரையை உதறிப் போடுவார்கள், சோடா வாங்க ஆள் அனுப்புவார்கள், பக்கத்தில் இருந்து கதைக்க மட்டும் மாட்டார்கள். அந்த மரியாதையைப் போல ஒரு தண்டனை கிடையாது. பின்னேரங்களில், கூரை வளையில் தொங்கும் பிள்ளை நிறுக்கிற தராசோடு நான் கதைத்திருக்கிறேன். அது பதில் சொல்லாது, ஆனால் எழும்பியும் நிற்காது.

வந்த முதல் வெள்ளிக்கிழமை, வேலிக்கு அங்கால் இருந்த வீட்டுக்காரி ஒரு மண்சட்டியில் மீன்குழம்பு கொண்டுவந்து படியில் வைத்தாள். என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். கறுத்து மெலிந்த உடம்பு. கருவாடு காயவைத்துக் கையெல்லாம் உப்புப் பூத்திருந்தது. "மிஸி, சாப்பிடுவியளோ தெரியாது" என்றாள். நான் வாய் திறப்பதற்குள் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மீன் மச்சம் படாது. சட்டியை மூடி வைத்தேன். மூடி வைத்தாலும் மணம் அறையெல்லாம் நின்றது. அம்மா தந்துவிட்ட ஊறுகாயின் கடைசியோடு சோற்றை விழுங்கிக்கொண்டு அந்தச் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக, மிஞ்சியிருந்த பழஞ்சோற்றில் ஊற்றிச் சட்டியை வழித்துச் சாப்பிட்டேன். பழைய மீன்குழம்பின் ருசி தெரிந்தவர்கள் என்னைக் குறை சொல்லமாட்டார்கள்.

பிறகுதான் தலையிடி தொடங்கியது. கறி வந்த சட்டியை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது. இது எங்கள் ஊரில் பால்குடி மறவாத பிள்ளைக்கும் தெரியும். இரண்டு கத்தரிக்காயோ ஒரு பிடி அரிசியோ போட்டுத்தான் கொடுப்போம். என் குசினியில் அரிசி முந்தின நாளோடு முடிந்துவிட்டது. சீனி இல்லை, தேயிலைத்தூள் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. கடை தூரம், பஸ்ஸும் வரவில்லை. முன்னறை அலுமாரியில் மட்டும் பைக்கற்றுப் பைக்கற்றாகச் சத்துமா இருந்தது. கர்ப்பிணித் தாய்மாருக்குக் கிளினிக்கில் கொடுக்கிற மா. பயிற்சிக் காலத்தில் நாங்களே அதைத் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுக் குழைத்துத் தின்போம். நல்ல சாமான்தானே என்று சட்டி நிறையக் கொட்டிக்கொண்டு போனேன்.

அவள் வீட்டில் இல்லை. முற்றத்தில் இருந்த மாமியார்தான் சட்டியை வாங்கினார். உள்ளே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எவ்வளவு நன்றியுள்ள சனங்கள் என்று நினைத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

பொழுதுபடுகிற நேரம் அவள் வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து வந்தாள். வந்த வேகத்தில் சேலைத் தலைப்பு வேலியில் மாட்டிக் கிழிந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"மிஸி, நான் முழுகாமல் இருக்கிறன் எண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?"

முழுகாமல் இருப்பது என்றால் வயிற்றில் பிள்ளை என்று அர்த்தம்.

"மாமி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சுப்போட்டா. கருவாட்டு வாடியில நிண்ட பெண்டுகள் எல்லாம் என்ரை கையைப் பிடிக்குதுகள். கலியாணம் முடிச்சு ஏழு வருசம். ஏழு வருசமும் மாசாமாசம் முழுகிக்கொண்டுதான் இருக்கிறன். நீங்கள் வந்து ஒரு கிழமையாகேல்லை, பகிடி பண்ண உங்களுக்கும் நான்தானோ கிடைச்சன்?"

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அந்த உலையை அடுப்பில் ஏற்றியவள் நான் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"வெறுஞ்சட்டி தரக்கூடாதெண்டு..." என்று இழுத்தேன். "வீட்டில வேற ஒண்டும் இல்லை அக்கா."

"ஒரு பிடி உப்பைப் போட்டுத் தந்திருக்கலாம்தானே?"

"உப்பும் இல்லை."

அவள் என்னைத் தள்ளிக்கொண்டு குசினிக்குள் போனாள். போத்தல் போத்தலாகத் தூக்கிப் பார்க்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது முகத்தில் பாதிக் கோபம்தான் மிச்சம் இருந்தது. "கடலைப் பக்கத்தில வச்சுக்கொண்டு உப்பில்லாமல் இருக்கிற முதல் ஆள் நீங்கள்தான். உதென்ன சீவியம்? படிச்சனியள்தானே? வாய் திறந்து கேக்கத் தெரியாதோ?"

நான் அழத் தொடங்கிவிட்டேன். அங்கே வந்த நாளிலிருந்து ஒருவர் என்னை ஏசியது அதுதான் முதல் தடவை. அவ்வளவு ஆறுதலாக இருந்தது. அவள் வாங்கில் என் பக்கத்தில் வந்து இருந்துகொண்டாள்.

மாமியிடம் நானே வந்து விஷயத்தைச் சொல்கிறேன் என்றேன்.

"வேண்டாம்" என்றாள். "எனக்கெண்டு முட்டை பொரிச்சு வச்சிருக்கிறா. இண்டைக்கு ஒருநாள் அவ சந்தோசமா இருக்கட்டும். நாளைக்கு நான் சொல்லுறன்."

அந்த முட்டையைச் சாப்பிட எழும்பிப் போனாள். மறுநாள் சொல்லியும் விட்டாள். மாமியார் கனகாலம் என் பக்கம் திரும்பவில்லை. கடைசியில் சண்டிலிப்பாயிலிருந்து நான் கொண்டுபோன எங்கள் தோட்டத்துப் புகையிலைதான் அவரை இறங்க வைத்தது.

அதற்குப் பிறகு சட்டி ஓயவில்லை. அவளுடைய மண்சட்டி மீனோடும் நண்டோடும் இங்கால் வரும். கத்தரிக்காயும் வெங்காயமும் போட்டு அனுப்புவேன். என்னுடைய அலுமினியக் கிண்ணம் அங்கால் போகும். ஒவ்வொரு முறையும் அவள் வேலிக்கு மேலால் கத்துவாள், "மிஸி, மா இல்லைத்தானே?" ஒரு சிநேகிதத்தில் இப்படி ஒரு பகிடி கிடைத்துவிட்டால் போதும், கனகாலம் ஓடும்.

புதன்கிழமைகளில் மட்டும் அவள் வரமாட்டாள். மற்றப் பின்னேரங்களில் வந்து, காலியான முன்னறையில் இருந்து, தராசில் எதையாவது கொளுவி நிறுப்பாள். ஒரு நாள் பாரை மீன், ஒரு நாள் பூசணிக்காய். நிறுத்து முடித்து, குழந்தையைப் போடுகிற அந்தத் துணித் தொட்டிலைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருப்பாள். அவளும் புருஷனும் பெரிய ஆசுப்பத்திரிக்குப் போய்ப் பார்த்தவர்கள்தான். இரண்டு பேரிலும் குறையில்லை என்று அனுப்பிவிட்டார்களாம். நான் படித்த படிப்பில் அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. எனக்கு ஆட்கள் இல்லை. அவளுக்கு மாமி, மச்சாள்மார், அவர்களின் பிள்ளைகள் என்று வீடு நிறைய ஆட்கள். இருந்தும் கதைக்க என்னிடம்தான் வந்தாள். இருட்டும் நேரம் அவள் போன பிறகு, ஜாம் போத்தல் விளக்கைக் கொளுத்தி வைத்துக்கொண்டு கடல் இரைகிறதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அவள் வந்துபோகத் தொடங்கிய பிறகு அந்த நேரம் முந்தியதைவிட நீண்டுவிட்டது.

தொண்ணூறில் மறுபடி சண்டை தொடங்கியது. பஸ் அடியோடு நின்றது. கடலுக்குப் போகவும் தடை. ஆண்கள் கரையில் இருந்து, பிய்ந்திராத வலைகளையும் பொத்தித் தைத்துக்கொண்டிருந்தார்கள். சனங்கள் வயிறு காய்ந்த காலம் அது. அந்தக் காலத்தில்தான் அவள் முழுகாமல் விட்டாள். கடலை மூடியதில் ஒரு நன்மையாவது வந்தது என்று ஊர் சிரித்தது.

ஒரு புதன்கிழமை வாங்கின் கடைசியில் அவள் இருந்தாள். நான் வெளியே வந்ததும் மற்றவர்களோடு அவளும் எழும்பி நின்றாள். எனக்குக் கோபம் வந்தது. "இருங்கோ அக்கா, என்ன உது?" என்றேன். முகத்தில் சிரிப்பே இல்லாமல், "இல்லை மிஸி, இண்டைக்கு நான் கிளினிக்குக்கு வந்தனான்" என்றாள். தன் முறை வந்ததும் சேலைத் தலைப்புக்குள்ளிருந்து அந்த மண்சட்டியை எடுத்து மேசையில் வைத்தாள்.

"இப்ப போடுங்கோ மா."

போட்டேன். சட்டி நிரம்பி மேசையெல்லாம் கொட்டியது. வெளியே பூவரசுக்குக் கீழே மாமியார் இருந்து மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பேறுக்கு நீங்கள்தான் பக்கத்தில நிக்கவேணும். வேற ஆரும் வேண்டாம்" என்றாள் அவள். "ஓம்" என்றேன். அந்த மாதங்களில் நான் இடமாற்றம் கேட்பதையும் விட்டுவிட்டேன்.

அவளுக்கு ஏழாம் மாதம். அடுத்த வருஷத்து ஆடிக் காற்று. கடலில் கடற்படைக் கப்பல்கள் வந்து நின்றன, கரையில் செல் குண்டுகள் விழத் தொடங்கின. காலைச் சாப்பாட்டுக்கு முன்பே ஊர் கிளம்பிவிட்டது. அந்த நேரம் பார்த்து இன்னொரு பெண்ணுக்கு வலி பிடித்துவிட, அவளை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி, நானும் கூட ஏறிக்கொண்டேன். இயந்திரம் உறுமத் தொடங்கும்போது அக்கா மணலுக்குள்ளால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். மற்றக் கையில் என் அலுமினியக் கிண்ணம்.

"உங்களுக்கு விசரோ அக்கா? உதையோ இப்ப கொண்டு வாறது?" என்று கத்தினேன்.

"மற்றாக்களின்ரை பாத்திரத்தை வச்சுக்கொண்டு எப்பிடிப் போறது, மிஸி? வெறுமனே தாறன், குறை நினையாதேங்கோ. பிள்ளை பிறந்து முப்பத்தொண்டாம் நாள் துடக்குக் கழிய நானே வந்து நிறைச்சுத் தாறன். அதுவரைக்கும் உந்தக் கிண்ணத்துக்கை வேற ஒண்டும் போட்டுடாதேங்கோ."

பெட்டி குலுங்கி நகர்ந்துவிட்டது.

வலி வந்தவளை ஆசுப்பத்திரியில் சேர்த்துவிட்டு, சைக்கிள் ஒன்று இரவல் வாங்கிக்கொண்டு அக்காவைத் தேடினேன். நெல்லியடிப் பக்கத்துப் பள்ளிக்கூடங்கள், கோயில்கள், சனம் தங்கியிருந்த மடங்கள். உள்ளுக்குப் போயிருப்பினம் என்றார் ஒருவர். தண்ணி தாண்டியாச்சு என்றார் இன்னொருவர். அவள் நாள் நெருங்கியபோதும் தேடினேன், கடந்தபோதும் தேடினேன். அந்த மாதத்தில் எத்தனையோ பேருக்குப் பேறு பார்த்தேன்; ஒவ்வொரு முகமும் அவளுடையதாக இல்லாததில் எனக்கு எரிச்சல் வந்தது.

பிறகு என்னை எங்கள் பக்கத்துக்கே மாற்றினார்கள், முதல் நாளிலிருந்து நான் கேட்டுக்கொண்டிருந்த இடத்துக்கு. வேலிக்கு வேலி பெரியம்மாவும் சித்தியும் நின்றார்கள். அந்த வெட்டையில்கூட நான் அவ்வளவு தனியாக இருந்ததில்லை.

இரண்டு வருஷம் போயிருக்கும். பிள்ளைக்கு ஊசி போட வந்த ஒரு பெண்ணின் பேச்சில் அந்தக் கரையின் இழுவை கேட்டது. விசாரித்தேன். அதே ஊர். வேலிக்கு அங்கால் வீட்டாரைப் பற்றிக் கேட்டேன்.

"அவையோ? வள்ளத்திலை இந்தியாவுக்குப் போட்டினம் மிஸி. அங்கை முகாமிலை இருக்கினமாம்."

"பிள்ளை?"

"பொம்பிளைப் பிள்ளை. நல்ல சுகம். நெல்லியடிக்குக் கிட்டப் பள்ளிக்கூடத்திலை இருக்கேக்கை பிறந்தது."

எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டேன். சொன்னாள். நான் போகாத ஒன்று.

"பேர் என்ன?"

"பதிஞ்ச பேர் தெரியாது. வீட்டிலை எல்லாரும் மிஸி எண்டுதான் கூப்பிடுறவை. மாமிக் கிழவிதான் அப்பிடிக் கூப்பிடத் தொடங்கினது."

வரிசையில் நின்றவர்களைச் சத்தம் போடாமல் நிற்கச் சொல்லி ஏசினேன். ஒருவரும் சத்தம் போட்டுக்கொண்டிருக்கவில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து பார்த்தால், அம்மா அந்தக் கிண்ணத்தில் செத்தல் மிளகாய் போட்டு வைத்திருந்தார். கொட்டிவிட்டுக் கழுவி, அலுமாரித் தட்டின் உச்சியில் கவிழ்த்து வைத்தேன்.

தொண்ணூற்றைந்தில் இடம்பெயர எங்கள் முறை வந்தது. எங்கள் வலிகாமம் முழுவதும் ஒரே ரோட்டில் கிழக்கே நடந்தது. சைக்கிளில் ஒரு பை, ஒரு பாய், பின்னுக்கு அம்மா. சனநெரிசலில் சைக்கிளை உருட்டத்தான் முடிந்தது. கொஞ்ச தூரம் போன பிறகுதான் என் கையில் இருந்ததை அம்மா கண்டார்.

"அரிசிப் பானையை விட்டிட்டு உந்த வெறுங்கிண்ணத்தையோ கொண்டு வாறாய்? அதுக்கை ரெண்டு பிடி அரிசியாவது போட்டுக்கொண்டு வந்திருக்கலாமே?"

"போடக்கூடாது அம்மா" என்றேன். "அவ இன்னும் வரேல்லை."

கைதடிக்குக் கிட்டப் போகும்போது மழை பிடித்துக்கொண்டது. தண்ணீர் விழாமல் கிண்ணத்தைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.