கடலுக்குச் சவரம்

கடலில் அழுக்கு இருக்கிறது என்று எனக்கு முதன்முதலில் சொல்லித் தந்தவர் என்னுடைய பெரிய மாமா. அதுவரை எனக்கு அது தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. சுருவில் என்ற ஊரின் கரையில் பிறந்து, அதே கரையில் வெங்காயமும் மிளகாயும் வைத்து எங்களை வளர்த்த அம்மாவுக்கு, வீட்டுக்கு முன்னால் கிடப்பது குப்பை என்று சொல்ல வெளிநாட்டிலிருந்து அவருடைய சொந்தத் தமையன் வரவேண்டியிருந்தது.

குப்பை என்று மாமா சொன்னது சாதாளையை. கடலடியில் வளரும் ஒரு வகைப் புல் அது. சோளகக் காற்று எழும்பினால் நாடா நாடாவாகக் கறுத்து எங்கள் கரையில் வந்து ஒதுங்கும். மணக்கும். அதை நான் மறைக்கப் போவதில்லை. வெயில் ஏறினால் அழுகின முட்டை மாதிரி மணக்கும். நாங்கள் அந்த மணத்துக்குள்ளேயே சாப்பிட்டோம், படித்தோம், நித்திரை கொண்டோம். ஊரில் அதற்கென்று ஒரு முறை இருந்தது. யாருடைய காணிக்கு முன்னால் ஒதுங்குகிறதோ, அது அவர்களுக்கு. பனையோலைக் கடகத்தில் அள்ளிப்போய்க் குவித்து, மழையில் உப்புக் கழுவுப்பட விட்டு, பிறகு தோட்டத்தில் பசளையாகத் தாழ்ப்பார்கள். தென்னைக்குப் புதைப்பார்கள். ஆனால் புதிதாக ஒதுங்குவதைத்தான் அள்ளலாம். அதற்குப் பின்னால், மணலோடு சேர்ந்து இறுகி, அடம்பன் கொடி படர்ந்து, கரை நீளத்துக்கு என் நெஞ்சளவு உயரத்தில் கிடந்த பழைய சாதாளையை ஒருவரும் தொடுவதில்லை. அதை அணை என்போம். அதை யாரும் கட்டவில்லை. யாரும் எடுக்காமல் விட்டார்கள், அவ்வளவுதான்.

அணைக்குப் பின்னால் எங்கள் தோட்டம். தோட்டத்தின் நடுவில் துரவு, அதாவது குந்தியிருந்து வாளியால் எட்டி அள்ளக்கூடிய ஆழமில்லாத கிணறு. தீவுப்பகுதியில் வீட்டுக்கு வீடு கிணறு இருக்கும், குடிக்கத் தண்ணீர் இருக்காது. சவர்க்காரம்கூட நுரைக்காத உவர். எங்கள் துரவில் நல்ல தண்ணீர். பின்னேரமானால் புளியங்கூடல் பக்கத்திலிருந்துகூடச் சைக்கிளில் தண்ணீர்க் கான் கட்டிக்கொண்டு ஆட்கள் வருவார்கள். அம்மா ஒருவரையும் மறித்ததில்லை. அப்பா தென்னிலங்கையில் ஒரு கடையில் நின்றார். திருவிழாவுக்கு வருவார், வராமலும் விடுவார். ஆகவே எங்கள் சோறும், என்னுடைய கொப்பியும் சப்பாத்தும், தம்பியின் மருந்தும் அந்தத் துரவிலிருந்துதான் வந்தன. இதில் பெருமையும் இல்லை, துக்கமும் இல்லை. அப்படித்தான் இருந்தது.

மாமா கோயில் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு வந்தார். வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஊர்ச் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். வந்த அன்றே மாமாவின் மகள், என் வயதுதான், கரையில் இறங்கிச் சாதாளைக்குள் கால் புதைந்து வீரிட்டாள். மாமா அவளைத் தூக்கிக்கொண்டு வந்து குசினி வாசலில் நின்றார்.

"என்ன தங்கச்சி இது, இப்பிடி நாறுது? இதுக்குள்ளை என்னெண்டு இருக்கிறியள்?"

"நீங்களும் இதுக்குள்ளைதானே அண்ணை வளந்தனீங்கள். அப்ப உங்கடை மூக்கை எங்கை வைச்சிருந்தனீங்கள்?" என்றார் அம்மா.

மாமா சிரித்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை, நன்றாகச் சிரிப்பார். "அது அந்தக் காலம். பொறுத்துப் பாரன், சங்கத்தாலை செய்து இந்தக் கரையை வெள்ளை வெளேரெண்டு ஆக்கித் தாறன்."

அம்மா அடுப்பிலிருந்து திரும்பினார். "புதுசை எடுங்கோ, நான் வேண்டாமெண்டேல்லை. பழசிலை கை வையாதேங்கோ."

"ஏன்?"

"அது எடுக்கிறேல்லை."

"அதுதான், ஏன்?"

"எடுக்கிறேல்லை அண்ணை. அப்புவும் எடுக்கேல்லை, அம்மாவும் எடுக்கேல்லை. அது அங்கை கிடக்கிறது."

"உதுதான் எங்கடை சனத்தின்ரை பிழை," என்று மாமா தன் மனைவியைப் பார்த்துச் சொன்னார். "ஏனெண்டு கேட்டால் ஒருத்தருக்கும் சொல்லத் தெரியாது."

இந்த இடத்தை நினைக்கும்போது இப்போதும் எனக்குப் பத்திக்கொண்டு வருகிறது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். நியாயம் பேசும் படிப்பு என்னிடம் இல்லை. ஆனாலும் கேட்கிறேன். ஒன்றைத் தொடாமல் வைத்திருப்பவள் அதற்குக் காரணம் சொல்ல வேண்டுமாம். வந்து கை வைக்கிறவர் காரணம் சொல்லத் தேவையில்லையாம். இந்தச் சட்டத்தை யார் எழுதினார்கள்? அம்மா அந்தக் கரையில் குனிந்து நிமிர்ந்த காலமெல்லாம் ஒரு காரணம் இல்லையா? மாமா விமானத்தில் வந்து இறங்கினவர். கேள்வி கேட்கும் உரிமையும் அவரோடு சேர்ந்து இறங்கிவிட்டது.

துப்புரவு நாளன்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லோரையும் கரைக்குக் கூட்டிவந்தார்கள். ஆளுக்கொரு நீலத் தொப்பி தந்தார்கள். அதில் 'கடலைக் காப்போம்' என்று வெள்ளை எழுத்து. கைக்குப் பெரிய கையுறையும் தந்தார்கள். பிரமுகர் ஒருவர் வரும்வரை வெயிலில் நின்றோம். அவர் வந்து, கடல் நமக்குத் தாய் என்று பேசிவிட்டு, ஒரு கைப்பிடி சாதாளையைக் கமராவுக்கு முன்னால் தூக்கிப் பையில் போட்டுவிட்டுப் போனார். பிறகு நாங்கள் அள்ளினோம். எனக்கு நல்ல சந்தோசம். படிப்பு இல்லை, தொப்பி இருக்கிறது, மத்தியானம் சோத்துப் பார்சல் வரும். வேறென்ன வேண்டும்?

பக்கத்தில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த மீன்பிடிக்கார அண்ணை ஒருவர் எங்களைப் பார்த்துக் கூப்பிட்டுக் கேட்டார்.

"என்ன பிள்ளையள், கடலுக்குச் சவரம் செய்யிறியளோ? மீசையை விடுங்கோ, முகத்துக்கு அழகு!"

எல்லோரும் சிரித்தோம். அவரும் ஒரு தொப்பி வாங்கித் தலையில் போட்டுக்கொண்டார்.

புதுச் சாதாளை முடிந்தது. பழைய அணையில் எங்கள் மண்வெட்டிகள் இறங்கவில்லை. அதற்கென்று ஏற்கெனவே மண் அள்ளும் பெக்கோ இயந்திரம் ஒன்று வந்து றோட்டில் நின்றது. அது சங்கிலிச் சக்கரத்தில் உறுமிக்கொண்டு எங்கள் காணிப் பக்கமாக இறங்கியபோது, அம்மா தோட்டத்திலிருந்து வந்தார். கையில் வெறுங்கடகம். அணையின் மேல் ஏறி, கடகத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் இருந்துவிட்டார்.

இயந்திரம் நின்றது. அதை ஓட்டின பெடியன் தலையை வெளியே நீட்டினான். "அக்கா, எழும்புங்கோ. எனக்குச் சொன்னதைத்தானே நான் செய்யிறன்."

"அப்ப சொன்னவரை வரச்சொல்லு."

மாமா வந்தார். ஊர்ச்சனம், ரீச்சர்மார், அவருடைய பிள்ளைகள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். மாமா பகிடியாகவே தொடங்கினார். "தங்கச்சிக்குச் சாதாளையிலை பாசம். சீதனமாத் தந்து விட்டிருக்கலாம்." சனம் சிரித்தது. என் வகுப்புப் பிள்ளைகளும் சிரித்தார்கள். நான் தொப்பியை முகத்துக்கு இழுத்துவிட்டேன்.

அம்மா சிரிக்கவில்லை. "ஏலாது அண்ணை. என்ரை காணிக்கு முன்னாலை ஏலாது."

மாமா கிட்டப் போனார். குரலைத் தணித்தார். ஆனாலும் எனக்குக் கேட்டது. "எங்கடை அப்பு செத்தாப்பிறகு உன்னை ஆர் பாத்தது? நான் உனக்குக் கெடுதல் செய்வனே? இத்தினை சனத்துக்கு முன்னாலை என்னை விசரனாக்காதை."

அம்மா எழும்பி, கடகத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். காரணம் கேட்டபோது அசையாதவர், தமையன் முறையைக் கேட்டதும் எழும்பினார். அந்த அணை பெக்கோவால் போகவில்லை. 'அண்ணை' என்ற சொல்லால் போனது. எங்கள் ஊரில் பலதும் அப்படித்தான் போயிருக்கிறது.

அள்ளின சாதாளையை மைதானத்துக்குப் பின்னால் கொட்டி எரித்தார்கள். ஈரம். எரியவில்லை, நாட்கணக்கில் புகைந்தது. தோட்டத்துக்கும் உதவாமல் கரைக்கும் உதவாமல் போனது. துப்புரவு செய்தவர்கள் சாப்பிட்ட சோத்துப் பார்சல் தாள்களும் தண்ணீர்ப் போத்தல்களும் கரையில் அப்படியே கிடந்தன. அவற்றை அள்ள ஒருவரும் வரவில்லை. அவை குப்பை என்று ஒருவருக்கும் தோன்றவில்லையோ என்னவோ! கரை வெள்ளையாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. நானும் தம்பியும் மாமாவின் பிள்ளைகளும் இருட்டும்வரை ஓடி விளையாடினோம். மாமா நின்று படமெடுத்தார். திருவிழா முடிந்து அவர்கள் போனார்கள்.

மழை வந்தது. மார்கழியில் அம்மா வெங்காயம் நட்டார். குருத்து விட்டு ஒரு விரல் உயரம் வந்திருந்தது. தாழமுக்கம், கடல் கொந்தளிக்கும் என்று வானொலியில் சொன்னார்கள். அது எங்களுக்குப் புதிதில்லை. வருசா வருசம் சொல்வார்கள், கடல் ஏறும், அணையில் மோதி நிற்கும், இறங்கும். அந்த முறை காலையில் எழும்பிப் பார்க்கையில் கடல் தோட்டத்துக்குள் நின்றது. பெரிய அலை இல்லை, இரைச்சல் இல்லை. விருந்தாளி வந்து விறாந்தையில் இருப்பதுபோல அமைதியாக வந்திருந்தது. துரவுக்கு மேலாலும் தண்ணீர். எங்களுக்குக் கிழக்கே இருந்த காணிவரை பெக்கோ அன்று போகவில்லை. படத்துக்குத் தேவையான அளவு கரை வெளித்துவிட்டதால் அதைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அந்தக் காணியில் அணை கிடந்தது. அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை.

அதன்பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெங்காயம் கருகியது. துரவு உவர்த்தது. முழுக்க இறைத்துப் பார்த்தோம், திரும்ப உவர்த்தது. சைக்கிளில் கான் கட்டிக்கொண்டு வந்தவர்கள் வேறு கிணறு தேடிப் போனார்கள். பிறகு நாங்களும் கான் கட்டிக்கொண்டு போனோம். அம்மா தொலைபேசியில் சொன்னபோது மாமா, "கடல் வந்ததுக்கு நான் என்ன செய்யிறது தங்கச்சி? இப்ப உலகம் முழுக்கக் காலநிலை பிழையாப்போச்சு," என்றாராம். உலகம் முழுக்கப் பிழையாகிவிட்டது, கிழக்குக் காணியில் மட்டும் பிழையாகவில்லை. அம்மா பட்டணத்தில் வீட்டு வேலைக்குப் போனார். நான் எட்டாம் வகுப்போடு நின்று, தம்பியைப் பார்த்து, பிறகு நானும் வேலைக்குக் கிளம்பி, ஓரிடத்தில் நிற்கத் தெரியாதவளாகிவிட்டேன். மன்னாரில் கருவாடு காயப்போட்டேன், நெடுந்தீவுக்கு வள்ளத்தில் போகும் பயணிகளுக்குச் சோறு கட்டிக் கொடுத்தேன். தெற்கில் ஒரு ஹோட்டலில் விடிய எழும்பிக் கரையைக் கூட்டினேன். என்னத்தைக் கூட்டினேன் என்று நினைக்கிறீர்கள்? சாதாளையைத்தான்.

போன வருசம் ஊருக்குப் போனேன். மாமாவின் சங்கம் ஒரு கூட்டம் வைத்தது. புதுப் பதாகை, இந்த முறை பச்சைத் தொப்பி. ஒரு இளைஞர் திரையில் படம் போட்டு, கரையொதுங்கும் சாதாளை நிலத்துக்குக் கவசம், அதை அகற்றக்கூடாது என்று அழகாக விளக்கினார். மாமா முன்வரிசைக் கதிரையில் இருந்து கைதட்டினார். அம்மா பின்வரிசையில் பால் விடாத பிளேன்ரீயோடு இருந்தார். என் பக்கம் சாய்ந்து, மெல்லிய குரலில், கோபமாகக்கூட இல்லாமல் கேட்டார்.

"அப்ப நான் எடுக்கிறேல்லை எண்டு சொன்னது வேறை என்னவாம்?"

எனக்கு எழும்பிக் கத்தவேண்டும் போல இருந்தது. கத்தியிருந்தால் காரணம் கேட்டிருப்பார்கள்.

ஆனால் கடல் தோட்டத்துக்குள் நின்ற அந்தக் காலையில் எனக்குக் கோபம் ஒன்றும் வரவில்லை. அதைத்தான் இப்போது நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். பாத்திகளுக்கு நடுவே வாய்க்காலில் வெள்ளியாக ஏதோ ஓடியது. குனிந்து பார்த்தேன். திரளிக் குஞ்சுகள். வெங்காயக் குருத்துகளுக்கு இடையில் மீன்!

"அம்மா, ஓடிவாங்கோ! எங்கடை தோட்டத்துக்கை மீன்!" என்று கத்தினேன்.

வீட்டுக்குள் ஓடி நீலத் தொப்பியை எடுத்துவந்து, அதைச் சின்ன வலையாக்கி மீன்களைக் கோலினேன். தம்பி விழுந்து எழும்பி வாளியைப் பிடித்தான். அப்படி ஒரு கொண்டாட்டம் எங்களுக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அம்மா முழங்காலளவு தண்ணீரில் துரவடிக்குப் போய், கையால் அள்ளி வாயில் வைத்துப் பார்த்தார். துப்புவார் என்று நினைத்தேன். விழுங்கினார்.

தண்ணீர் வடிந்தபிறகு அதே துரவில் வாளி விட்டு அள்ளிக்கொண்டு வந்து, நாங்கள் பிடித்த மீனை அம்மா குழம்பு வைத்தார். நான் அடுப்படியிலேயே குந்தியிருந்தேன். மிளகாய்த் தூள் போட்டார், புளி விட்டார், கறிவேப்பிலை கிள்ளிப் போட்டார். உப்புப் பானைப் பக்கம் கை போகவில்லை.

"உப்பு மறந்திட்டியள் அம்மா."

"மறக்கேல்லைப் பிள்ளை. சாப்பிடு."

சாப்பிட்டேன். உப்பு அளவாக இருந்தது. போடாத உப்பு கறிக்குள் எப்படி வந்தது என்று நான் யோசிக்கவில்லை. இன்னும் இரண்டு மீன் போடச் சொல்லிச் சோத்துக் கோப்பையை நீட்டினேன்.