பிளாக்ஹவுஸ் பே: பேய் வராத பேய்ப்படம்

பயப்படத் துணை வேண்டும், அதனால்தான் போனேன். ஜூன் மாதம், இங்கே குளிர்காலம். நீண்ட வார இறுதி விடுமுறை. ஈஸ்ட் டாமாக்கியில் நான் கண்ட்ரோல் பேனல் பார்க்கும் ஆலைக்கு லீவு. நான் தங்கியிருக்கும் ஹில்ஸ்பரோ வீட்டில் பக்கத்து அறைக்காரன் ஊருக்குப் போய்விட்டான். இரண்டு நாளாக யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. பழைய ஜப்பானியப் பேய்ப்படங்கள் நிறையப் பார்த்திருக்கிறேன். எல்லாம் போனில், ஹெட்போனில், தனியாக. பிளாக்ஹவுஸ் பேயில் ஒரு ஹாலில் திரையிடுகிறார்கள் என்றதும் கிளம்பிவிட்டேன்.

தூரம் ஏழு கிலோமீட்டர்தான். காரில் கால் மணி நேரம். பஸ் மாறிப் போக ஒரு மணி நேரம். விடுமுறை நாளில் அரை மணிக்கு ஒரு பஸ். கடுப்பாகத்தான் இருந்தது. டிக்கெட் கிடையாது, வாசல் டப்பாவில் இரண்டு டாலர் போட்டேன். மதியக் காட்சிக்குப் பத்துப் பேர் தேறுவோம். ஆளுக்கொரு வரிசையில் உட்கார்ந்திருந்தோம்.

ஜப்பானின் பழைய உள்நாட்டுப் போர்க் காலத்துக் கதை. காலியான மாளிகைக்கு ஒரு காவலன். தினமும் காகிதக் கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ சோறு வைக்கிறார்கள். அவன் திறப்பதில்லை. கடைசியில் திறக்கிறான். ஆள் இல்லை, சோற்றில் ஆவி பறக்கிறது. அவ்வளவுதான். இந்தப் படங்கள் ஏன் பழைய காலத்திலேயே நடக்கின்றன என்று கேட்பவர்களுக்கு: இன்றைய வீட்டில் கதவைப் பூட்டிவிட்டுப் போலீஸைக் கூப்பிடலாம். காகிதக் கதவுக்குப் பூட்டு இல்லை. எஜமான் உத்தரவு, ஓடவும் முடியாது. மிச்சம் இருப்பது அவன் மண்டை மட்டும்.

விளக்கு போட்டதும், முன்வரிசையிலிருந்த ஐம்பது வயதுக்காரர் என்னிடம் வந்தார்.

"தம்பி தமிழோ? தனியவோ வந்தனீங்கள்? நானும் தனியத்தான். வாங்கோ, தேத்தண்ணி குடிச்சுக் கொஞ்சம் கதைப்பம்."

படத்தின் கதை அவருக்குப் புரியவில்லை போல என்று நினைத்தேன். பஸ்ஸுக்கு நான்கு நிமிடம் இருந்தது. "கதைன்னு பெருசா ஒண்ணுமில்ல சார். பேயே கிடையாது, எல்லாம் அவன் பயம்தான்" என்றேன்.

அவர் சிரித்தார். "ஓம் தம்பி. பஸ்ஸை விட்டிடாதேங்கோ."

பாதி வழியில்தான் உறைத்தது. ஆலையில் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் போனை வைக்கும்போதெல்லாம் "பிறகு கதைக்கிறன்" என்பார். கதைப்பது என்றால் அவர்களுக்குப் பேசுவது. உடனே இறங்கி எதிர்ப்பக்கம் பஸ் பிடித்தேன். ஹால் பூட்டியிருந்தது. கண்ணாடி வழியே பார்த்தேன். மேஜையில் ஒரே ஒரு காலிக் கோப்பை.

போகிறவர்களுக்கு: ஹாலில் ஹீட்டர் சுமார்தான், தடித்த ஜாக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள். படம் முடிந்ததும் பஸ்ஸுக்கு ஓடாதீர்கள். அடுத்தது அரை மணியில் வந்துவிடும்.