ஆயில் முள் இறங்கிக்கொண்டே வந்தது

கடந்த ஆண்டு சித்திரையில், முற்பகல் பதினொரு மணி வாக்கில், பெரம்பலூரிலிருந்து அரியலூர் செல்லும் சாலையில் நடந்தது இது. என் மனைவி இறந்து அன்று மூன்றாம் நாள். அஸ்தியைத் திருமானூர் அருகே கொள்ளிடத்தில் கரைக்கப் புறப்பட்டிருந்தோம்.

உறவினர்கள் ஒரு வேனில் முன்னதாகச் சென்றுவிட்டனர். "இந்த வெயில்ல அந்தப் பழைய வண்டி வேணாம் மாமா, வேன்லயே வந்துருங்க" என்று மனைவியின் அண்ணன் மகன் கேட்டுப் பார்த்தான். நான் இணங்கவில்லை. எங்களுக்கு மணமான ஆண்டு வாங்கிய சிறிய கார் அது. அவளை அதில்தான் கொண்டுபோவேன் என்று பிடிவாதமாக இருந்தேன். ஏழு மாதக் கர்ப்பிணியான என் மகளுக்கு என்னைத் தனியே அனுப்ப மனமில்லை. அஸ்திக் கலயத்தை மடியில் வைத்துக்கொண்டு பின் இருக்கையில் ஏறினாள்.

வண்டியை எடுக்குமுன் அதை ஒருமுறை சுற்றிவந்து பார்ப்பது என் நெடுநாள் வழக்கம். அன்று அதைச் செய்யவில்லை. தெருப் பையன்கள் என் மனைவியின் படம் அச்சிட்ட 'கண்ணீர் அஞ்சலி' ஃபிளெக்ஸை முன்பக்கம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் போக என்னால் முடியவில்லை. பின்புறமாகவே வந்து ஏறிக்கொண்டேன்.

சுண்ணாம்புக்கல் லாரிகள் இடைவிடாமல் ஓடும் சாலை அது. வழியில் ஓரிடத்தில் சாலையை அகலப்படுத்தும் வேலை நடந்துகொண்டிருந்தது. இருபுறமும் தடுப்புகள், ஒதுங்க ஓரடி இடம் இல்லை. முன்னே ஒரு லாரி, பின்னே ஒரு லாரி, நடுவில் நாங்கள் ஊர்ந்துகொண்டிருந்தோம். அப்போதுதான் ஆயில் அழுத்தத்தைக் காட்டும் முள்ளைக் கவனித்தேன். வழக்கமாக நிற்கும் இடத்தில் பாதிக்கும் கீழே இருந்தது. ரேடியேட்டர் தண்ணீரின் சூட்டைக் காட்டும் முள் அவ்வளவாக ஏறவில்லை.

பொறியியல் கல்லூரியில் முப்பது ஆண்டுகள் வெப்பவியல் கற்பித்தவன் நான். ஆயில் அளவுக்கு மீறிச் சூடானால் நீர்த்துப்போகும், அழுத்தம் குறையும், உலோகத்தோடு உலோகம் உரசி எஞ்சின் இறுகி நின்றுவிடும் என்பதையெல்லாம் கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அங்கே அப்படி நின்றால் என்ன ஆகும் என்பதைப் பின்கண்ணாடி காட்டியது. லாரியின் முகப்பு மட்டுமே அதில் தெரிந்தது. அதற்கும் எனக்கும் இடையே இருந்தது என் மகளின் தலை.

பம்ப் பழுதா, ஆயில் ஒழுகுகிறதா என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். எதுவும் பிடிபடவில்லை. முள் இன்னும் இறங்கியது. சிவப்பு விளக்கு ஒருமுறை மினுக்கிவிட்டு அணைந்தது. எஞ்சினுக்குள்ளிருந்து மெல்லிய தட்டல் ஒன்று கேட்கத் தொடங்கியது.

"ஏம்ப்பா பேசாமலே வர்றீங்க?" என்றாள் மகள்.

ஒன்றுமில்லை என்றேன். அவளிடம் நான் சொன்ன பொய்களில் அதுவே மிகவும் அஞ்சிச் சொன்னது.

தடுப்புகளுக்கிடையே வயலுக்கு இறங்கும் ஒரு மண்பாதை தெரிந்தது. யோசிக்காமல் வண்டியைத் திருப்பி எஞ்சினை அணைத்தேன். வண்டியின் பின்பாதி இன்னும் சாலையில்தான் இருந்தது. பின்னால் வந்த லாரி பெருங்கூச்சலோடு பிரேக் பிடித்து, கையளவு தூரத்தில் நின்றது. மகள் கலயத்தை வயிற்றோடு அணைத்துக் குனிந்திருந்தாள்.

லாரி ஓட்டுநர் குதித்து இறங்கி வந்தார். "யோவ் பெருசு, சாவுறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?" என்று கேட்டவர், பின் இருக்கையையும் கலயத்தையும் பார்த்துப் பேச்சை நிறுத்தினார். ஆயில் முள் இறங்கிவிட்டது என்று மட்டும் சொன்னேன். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு காரின் முன்பக்கம் போனார். குனிந்து பார்த்தார். திரும்பி வந்தபோது குரல் மாறியிருந்தது.

"கோவிச்சுக்காதீங்க ஐயா. அம்மா படம் காத்த அடைக்குதுங்க."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. பம்பருக்குக் கீழே ஆயிலைக் குளிர்விக்கும் சிறிய கூலர் ஒன்று இருந்தது. எதிர்க்காற்று பட்டால்தான் அது வேலை செய்யும். அதன்மேல் ஃபிளெக்ஸை இழுத்துக் கட்டியிருந்தார்கள். அந்தக் கூலரைப் பொருத்தியவனே நான்தான். காலையில் ஒருமுறை முன்னே போய் நின்றிருந்தால் அரை நொடியில் கண்டிருப்பேன்.

கதவைத் திறந்து இறங்கப் போனேன். "நீங்க அவுக்க வேணாம், உக்காருங்க" என்று அவரே முடிச்சுகளை அவிழ்த்தார். எங்கே வைப்பது என்று தயங்கியவரிடம், "எங்கிட்ட குடுங்கண்ணே" என்று மகள் கை நீட்டினாள்.

ஆயில் ஆற அரைமணி நேரம் ஆகும் என்றேன். அவர் லாரியை எங்கள் காருக்குப் பின்னால் அரணாக நிறுத்திவிட்டு நடுச்சாலையில் நின்றுகொண்டார். ஹாரன் அடித்தவர்களிடம், "பறந்து போறதுன்னா போடா, இங்க துக்க வண்டி நிக்குது" என்று சத்தம் போட்டார். இடையில் என் காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, "என் வண்டி டயர் ஒசரங்கூட இல்ல, இதுக்கு இவ்ளோ ரோசமா?" என்றார். மூன்று நாட்களில் முதன்முறையாக என் மகள் சிரித்தாள்.

மீண்டும் கிளப்பியபோது தட்டல் இல்லை. முள் தன் இடத்துக்கு ஏறி நின்றது. அரியலூர் வரை அவர் எங்கள் பின்னாலேயே வந்தார். பெயர் கேட்கத் தோன்றவில்லை.

அந்தப் படத்தைப் பார்க்க முடியாமல்தான் காலையில் முன்பக்கம் போகவில்லை என்ற உண்மையைக் கொள்ளிடக் கரையில் மகளிடம் சொன்னேன். "எனக்கும் அந்தப் படத்தப் பாக்க முடியலப்பா. அதான் நானும் பின்னாடியே சுத்தி வந்து ஏறுனேன்" என்றாள்.

பேத்தி பிறந்து இப்போது தவழ்கிறாள். என் துக்கம் என் ஒருவனுக்கே உரியது, அதை எப்படி வேண்டுமானாலும் நான் சுமந்துகொள்ளலாம் என்று அந்த நாள்வரை எண்ணியிருந்தேன். என்னோடு வண்டியில் ஏறுகிறவர்களும் அதற்கு விலை கொடுக்க நேரும் என்ற அச்சம் இன்றும் என்னை விட்டு நீங்கவில்லை, நீங்க வேண்டும் என்றும் நான் விரும்பவில்லை.