‘நின்னுட்டேன்’ என்று சொன்ன அக்கா

என் அக்காவைப் பற்றிச் சொல்வதென்றால் அவள் காலிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஆயுசில் பாதியை நின்றே கழித்தவள் அவள். ஆஸ்பத்திரிகளுக்கு விரிப்பும் தலையணை உறையும் வெளுத்துக் கொடுக்கிற ஒரு பெரிய சலவைக் கூடத்தில், இஸ்திரி உருளைக்கு முன்னால் வேலை. ஈர விரிப்பின் ஒரு மூலையை இவள் பிடிக்க, மறு மூலையைப் பக்கத்தில் நிற்பவள் பிடிக்க, ஓர் உதறு உதறி, சுருக்கம் விழாமல் சூடான உருளைக்குள் விட வேண்டும். கொஞ்சம் கவனம் பிசகினால் விரல் வெந்துவிடும். அந்தக் கூடத்தில் பெயருக்குக்கூட ஒரு ஸ்டூல் கிடையாது. உட்கார்ந்தவள் தூங்கிவிடுவாள் என்பது முதலாளியின் கண்டுபிடிப்பு. அவர் மட்டும் அறைக்குள் உட்கார்ந்துகொண்டே தூங்குவார்.

அத்தான் போனபோது அவள் மகன் பள்ளிக்கூடத்தில் இருந்தான். என் வீட்டுக்கு வா என்று எவ்வளவோ கூப்பிட்டுப் பார்த்தேன், வரவில்லை. ஓர் அச்சகத்துக்கு மேலே ஒற்றை அறை பிடித்து, அதிலேயே அவனை வளர்த்து, படிக்க வைத்து, கல்யாணமும் செய்து வைத்தாள். கீழே இயந்திரம் ஓடினால் மேலே தம்ளர் ஆடும். அது அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. சாயங்காலம் வந்ததும் தாழ்ப்பாள் போட்டுவிட்டுத் தரையில் மல்லாந்து படுத்து, இரண்டு காலையும் தூக்கிச் சுவரில் சாய்த்துக்கொள்வாள். கண்ணை மூடினால் உலகமே இடிந்து விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டாள். வருஷக்கணக்கில் அப்படிப் படுத்ததில் சுவரில் இரண்டு குதிகால் தடம் விழுந்திருந்தது.

"அச்சகத்துக்காரர் பாத்தா பேய் நடமாடுதுன்னு ஓடிடப் போறாரு" என்று கிண்டல் செய்தேன்.

"பேய்க்கு ஏதுடி காலு? போடி வாயாடி" என்றாள் கண்ணைத் திறக்காமலே.

வாயாடி என்பது நான்தான். செருப்புக் கடையில் விற்பனை வேலையில் இருக்கிறேன். வாய் இல்லாவிட்டால் அங்கே பிழைக்க முடியாது.

மகனும் மருமகளும் தங்களோடு வந்து இருக்கச் சொல்லி அவளைக் கூப்பிடாமல் இல்லை. மருமகள் தங்கமான பெண், மனசாரச் சொல்வேன். ஆனால் அது ஒரு படுக்கையறை வீடு. போனால் கூடத்தில்தான் படுக்க வேண்டும். சம்பந்திகள் வருவார்கள், போவார்கள். அவர்கள் முன்னால் எந்த மாமியார் காலைத் தூக்கிச் சுவரில் வைப்பாள்? "என் கதவுக்கு நானே தாழ்ப்பாள் போட முடியற வரைக்கும் போட்டுக்கறேன்பா" என்று மகனிடம் சொல்லிவிட்டாள். அந்த அறையைத் தவிர அவள் வேறெதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

ஒருநாள் சலவைக் கூடம் மூடப்பட்டது. ஆஸ்பத்திரிகள் வேறொரு கம்பெனிக்கு வேலையைக் கொடுத்துவிட்டன. முதலாளி எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்து, நாளையிலிருந்து யாரும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, காரில் ஏறிப் போய்விட்டார். இவ்வளவு காலம் உழைத்தவர்களுக்கு அவர் பேசியது அவ்வளவுதான்.

வேலை போனவர்களுக்கு உதவித்தொகை உண்டு. யாரும் அதைப் பிச்சை என்று நினைத்துவிட வேண்டாம். மாதாமாதம் அவள் சம்பளத்தில் பிடித்த காசு அது. என்றைக்காவது வேலை போனால் கைகொடுக்கும் என்று சொல்லித்தான் பிடித்தார்கள். பிடிக்கும்போது ஒரு மாதமாவது தாமதம் ஆனதுண்டா? இல்லை. கொடுக்கும்போதுதான் அவர்களுக்குக் கை நடுங்கும்.

அந்த ஆபீஸை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கண்ணாடித் தடுப்பு, அதில் பேசுவதற்கு ஓர் ஓட்டை. அந்த ஓட்டையும் இடுப்பு உயரத்தில். உள்ளே இருப்பவர் சாய்ந்து உட்கார்ந்திருப்பார், வெளியே நிற்பவர்கள் குனிந்து பேச வேண்டும். ஜன்னலுக்குப் பின்னால் ஓர் இளைஞன். அக்கா அவனை ஜன்னல் தம்பி என்று சொல்வாள், நானும் அப்படியே சொல்கிறேன். முதல்நாள் எனக்குக் கடையில் லீவு கிடைக்காததால் அவள் தனியாகத்தான் போனாள். அவன் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள், அவன் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டான். வந்துவிடும், போங்கள் என்றான்.

வரவில்லை. போய்க் கேட்டாள். "பரிசீலனையில இருக்கும்மா." மறுபடி போனாள். "பரிசீலனையில இருக்கும்மா." அந்தச் சொல்லைக் கண்டுபிடித்தவன் யாரென்று தெரிந்தால் கையிலிருக்கிற செருப்பாலேயே ஒரு கை பார்த்திருப்பேன். யார் பரிசீலிக்கிறார்கள், எதைப் பரிசீலிக்கிறார்கள், என்ன சந்தேகம், எதற்கும் பதில் கிடையாது. கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது அவள் மனு. வாரம் தவறாமல் போய் நின்றாள். வேலை போன பிறகும் நிற்கிற வேலை மட்டும் அவளை விடவில்லை.

அச்சகத்துக்காரர் வாடகைக்குப் பொறுத்துத்தான் பார்த்தார். கடைசியில், "மாசக் கடைசிக்குள்ள ஒரு வழி பண்ணுங்கம்மா, நானும் கடனாளிதான்" என்று சொல்லிவிட்டார். நான் கொடுக்கிறேன் என்றேன். "உன் வீட்டுக்காரர் வாயில என் பேரு விழக் கூடாது" என்று ஒரே பிடியாக மறுத்துவிட்டாள். மகனிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் அன்றைக்கே வந்து மூட்டை கட்டிவிடுவான் என்று அவளுக்குத் தெரியும்.

அந்த வாரம் நானும் கூடப் போனேன். ஆபீஸ் வாசலில் ஒரு டீக்கடை. சலவைக் கூடத்துப் பெண்கள் நாலைந்து பேர் அங்கே நின்றிருந்தார்கள். எல்லாருக்கும் அதே பரிசீலனை. எல்லார் முகமும் ஒரே மாதிரி களையிழந்திருந்தது. அப்போது அவர்களோடு வேலை பார்த்த வேன் டிரைவர் புதுச் சட்டையில் வந்து சேர்ந்தான்.

"என்னக்கா, எல்லாரும் கூட்டமா நிக்கறீங்க? எனக்கு ரெண்டாவது மாசமும் வந்துடுச்சே!"

எனக்குச் சுருக்கென்றது. "உனக்கு மட்டும் எப்படிப்பா வந்துச்சு? ஆளு யாரையாவது பிடிச்சியா?"

"ஆளாவது ஒண்ணாவது! அந்த ஜன்னல்ல கேட்டாரு, சொன்னேன். ‘முதலாளி எங்கள தொரத்தி விட்டுட்டான் சார்’னேன். அவ்வளவுதான்."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் அக்காவைத் திருப்பி நிறுத்தினேன்.

"நீ என்னன்னு சொன்ன?"

"வேற என்னடி சொல்வாங்க? ‘ஏம்மா வேலைய விட்டு நின்னீங்க’ன்னு அந்தத் தம்பி கேட்டுச்சு. எல்லாரும்தான் நின்னுட்டோம், நானும் நின்னுட்டேன்னு சொன்னேன்."

"நானும் அதான் சொன்னேன்" என்றாள் ஒருத்தி. "நானும்" என்றாள் இன்னொருத்தி.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பல வருஷத்துக்கு முன்னால் அந்தக் கூடத்தில் ஒரு பெண் கிழிந்த விரிப்பு ஒன்றைத் தன் குழந்தைக்கு என்று பையில் வைத்து எடுத்துப்போனாள். முதலாளி அவளை எல்லார் முன்னாலும் பையைக் கொட்டச் சொல்லி வெளியே அனுப்பினார். "அவள நிறுத்திட்டாங்க" என்று அதன்பின் இவர்கள் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். அந்தக் கூடத்தில் நிறுத்திட்டாங்க என்றால் திருடி என்று அர்த்தம். கல்யாணம் ஆகிப் போனவள் நின்றாள், முழங்கால் தேய்ந்தவள் நின்றாள், மானத்தோடு போன எல்லாரும் நின்றார்கள். அப்படியிருக்க, பின்னால் ஊரே காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிற வரிசையில், ஓட்டையில் குனிந்துகொண்டு, என்னை நிறுத்திவிட்டார்கள் என்று எவள் சொல்வாள்?

ஜன்னல் தம்பியின் கம்ப்யூட்டரிலோ இரண்டே கட்டம். ஒன்று, தாமாக விலகினார். இன்னொன்று, நிர்வாகம் விலக்கியது. நின்னுட்டேன் என்ற சொல்லைக் கேட்டதும் முதல் கட்டத்தில் ஒரு தட்டு. தாமாக விலகியவளுக்குக் காசு கொடுக்கலாமா என்று விசாரிக்க மனு மாடிக்குப் போய்விட்டது.

"வா மேலே" என்றேன்.

"வேணாம்டி, சத்தம் போடாத."

"போடத்தான் போறேன்."

மாடியில் அதிகாரி நல்ல மாதிரிதான் பேசினார். அதுவே என் கோபத்தை ஏற்றியது. கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "நீங்களே விலகினதா சொல்லியிருக்கீங்கம்மா. அதான் உறுதிப்படுத்தச் சொல்லி உங்க முதலாளிக்கு எழுதினோம். தபால் திரும்பி வந்துடுச்சு. மறுபடி எழுதியிருக்கோம்" என்றார்.

"எந்த விலாசத்துக்கு சார் எழுதினீங்க?"

சொன்னார். சலவைக் கூடத்தின் விலாசம்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ தெரியாது. "அது மூடிக் கிடக்குதுன்னுதான சார் இவங்க இங்க வந்து நிக்கறாங்க! பூட்டின கதவுக்கு ரெண்டு தரம் எழுதுவீங்க, வாரா வாரம் உங்க ஜன்னல்ல வந்து குனியற பொம்பளகிட்ட வாயத் திறந்து ஒரு வார்த்த கேக்க மாட்டீங்களா? கீழ இருக்கற தம்பி என்ன கேட்டாருன்னு முதல்ல கேளுங்க சார்."

ஜன்னல் தம்பியை வரவழைத்தார். எப்படிக் கேட்பாய் என்றார். "எல்லார்கிட்டயும் கேக்கற மாதிரிதான் சார். ஏன் வேலைய விட்டு நின்னீங்கன்னு." சொல்லி முடிக்கும்போதே அவனுக்கு உறைத்துவிட்டது. முகத்தில் ஈயாடவில்லை. நின்றாயா என்று கேட்டால் நின்றேன் என்றுதானே பதில் வரும்? அவன் வீட்டிலும் அப்படித்தானே பேசுவார்கள்? பேசுகிற மொழி ஒன்று, தட்டுகிற கட்டம் ஒன்று. நடுவில் என் அக்காவின் அறை போய்க்கொண்டிருந்தது.

அதிகாரி அக்காவைப் பார்த்தார். "நீங்க வாயால சொன்னா மாத்திடலாம்மா. என்ன நடந்துச்சு?"

அக்கா முந்தானையை இரண்டு மூலையும் சேர்த்து மடித்தாள், விரித்தாள், மறுபடி மடித்தாள். அறையில் இன்னும் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். நான் வாயைக் கடித்துக்கொண்டேன். இதை நான் சொல்ல முடியாது.

"என்னைய நிறுத்திட்டாங்க சார்" என்றாள். பிறகு அவசரமாக, "நான் எதையும் எடுக்கல" என்றாள்.

யாரும் அவளை எடுத்தாயா என்று கேட்கவில்லை.

கட்டத்தை மாற்றியாயிற்று. ஆனால் மாற்றியதை இன்னோர் இடம் ஒப்புக்கொள்ள வேண்டுமாம், அங்கிருந்து வங்கிக்குப் போக வேண்டுமாம். தப்பாகத் தட்ட ஒரு நொடி, சரியாகத் தட்ட ஒரு ஊர்வலம். அதற்குள் மாசக் கடைசி வந்துவிட்டது. அச்சகத்துக்காரர் மகனுக்கே போன் செய்துவிட்டார். அவன் வண்டி கொண்டுவந்தான். "ஏம்மா எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டுக்கொண்டே மூட்டைகளை இறக்கினான், பாவம். அவள் அறையைப் பெருக்கி, சாவியைக் கொடுத்துவிட்டு இறங்கினாள். அடுத்த மாதம்தான் முதல் தவணை வந்தது. நான் உடனே அச்சகத்துக்கு ஓடினேன். மேலே அக்காவின் அறை ஜன்னலில் யாருடைய திரைச்சீலையோ தொங்கியது. சுவருக்கு வெள்ளையடித்துவிட்டதாக அச்சகத்துக்காரர் பெருமையாகச் சொன்னார். "என்னமோ கறை இருந்துச்சும்மா, ரெண்டு கோட்டு அடிச்சப்புறம்தான் போச்சு."

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் நியாயம் தப்பியவள் ஆவேன். அந்த ஆபீஸில் இப்போது கேள்வியை மாற்றிவிட்டார்கள். "வேலைய விட்டு நீங்களா வந்தீங்களா, இல்ல அவங்க வர வேண்டாம்னு சொன்னாங்களா?" என்று இரண்டையும் கேட்டுத்தான் தட்டுகிறார்கள். தேங்கிக் கிடந்த மனுக்கள் மளமளவென்று நகர்கின்றன என்று கேள்வி. தாமதத்தைக் குறைத்ததற்காக மாடி அதிகாரிக்குப் பாராட்டும் கிடைத்ததாம். கிடைக்கட்டும். ஒரு கேள்வியைத் திருத்த இத்தனை குடும்பம் தெருவுக்கு வர வேண்டியிருந்தது என்பதை அந்தப் பாராட்டில் யாராவது எழுதினார்களா என்றுதான் கேட்கிறேன்.

அக்கா இப்போது மகன் வீட்டுக் கூடத்தில் இருக்கிறாள். பகலில் பெரும்பாலும் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருக்கிறாள். "உக்காருங்க அத்தை" என்று மருமகள் பத்துத் தடவை சொல்கிறாள். இவள் உட்காருவதில்லை. கால் வீங்கியிருக்கிறது.

போன வாரம் விலாசம் மாற்றிப் பதிவதற்காக அவளை மறுபடி அங்கே அழைத்துப்போனேன். அதே ஓட்டை, அதே ஜன்னல் தம்பி. எங்களை அடையாளம் தெரிந்து மரியாதையாகச் சிரித்தான். புது விலாசத்தைத் தட்டிவிட்டு, இப்போது பழகிவிட்ட தோரணையில் கேட்டான்.

"பழைய வீட்ட விட்டு ஏம்மா வந்தீங்க? நீங்களா வந்தீங்களா, இல்ல அவங்க அனுப்பிட்டாங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா ஓட்டையில் குனிந்தாள். பின்னால் வரிசை முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னாள்.

"நானா வரல தம்பி. அவங்களும் அனுப்பல. நீங்கதான் அனுப்பினீங்க. அப்படியே எழுதிக்குங்க."

அவன் கை கம்ப்யூட்டர் மேல் அப்படியே இருந்தது. அதற்கு அவனிடம் கட்டம் இல்லை.